அந்த மூலையில் இருந்த மண்கூடு

மேட்டுப்பட்டி பெயிண்டர் ஆண்டனிராஜை வேலைக்குக் கூப்பிட்டால் முதல் அரை மணி நேரம் அவர் டப்பாவைத் திறக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, வீட்டை விலைக்குக் கேட்க வந்த ஆள் மாதிரி தெரியும். அவர் தேடுவது கூடுகளை. ஏணி மேல் ஏறி நின்றுகொண்டு குளவியிடம் கொட்டு வாங்கினவனுக்குத்தான் தெரியும், கொட்டை விட விழுவது மோசம் என்று. அவர் இரண்டும் பட்டவர்.

சன்ஷேடுக்கு அடியில் சின்னக் குடை மாதிரி தொங்கும் கூடு என்றால் கவலைப்பட மாட்டார். பொழுது சாயும் வரை விட்டுவிட்டு, குளவிகள் அடங்கியதும் நீளக் கம்பில் துணி சுற்றிப் புகை காட்டித் தட்டிவிடுவார். பானை அளவுக்குக் கடந்தைக் கூடு என்றால் ஏணியைத் திரும்ப வண்டியில் கட்டிவிட்டு, "ஃபயர் சர்வீசுக்குப் போனப் போடுங்க, அவுக எடுத்தப்புறம் நான் வாரேன்" என்று சொல்லிவிடுவார். பேப்பரில் விஷ வண்டு என்று போடுகிறார்களே, அதுதான் கடந்தை. பத்து சேர்ந்து கொட்டினால் மாடே படுத்துவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு. சுவர் மூலையில், சன்னல் கட்டை ஓரத்தில், ஒற்றைக் குளவி ஈர மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கட்டும் மண்கூடு. இது யாரையும் எதுவும் செய்யாது. சுரண்டும் தகட்டால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், உதிர்ந்துவிடும். ஆனால் ஆண்டனிராஜ் அதைத் தொட மாட்டார். பழைய சுவருக்குள் தீவு மாதிரி அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் புது வண்ணம் அடிப்பார். வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னாலும், "நீங்களே எடுத்துக்கங்க சார்" என்று தகட்டை அவர் கையில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை மாதா கோயிலில் பூசைப் பொருள் வைக்கும் அறையிலும் இப்படியே செய்தார். பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், சிற்றுயிர்கள் மேலும் இரக்கம் வைக்கும் நம் பங்கு மகன் ஒருவர் என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் புகழ்ந்தார். பக்கத்தில் இருந்த மனைவி ஆனந்தமேரி முழங்கையால் இடித்துச் சிரித்தாள். ஆண்டனிராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

இரக்கமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பயம். பயம்கூட இல்லை, உறுத்தல்.

சாணார்பட்டி தாண்டி ஒரு கிராமம். சம்மங்கியும் மல்லிகையும் பயிர் போட்டிருக்கும் சுந்தரம்மாள் வீடு. புருஷன் இல்லாமல் ஒரே மகன் பிரபுவை வளர்த்து, திண்டுக்கல்லில் விதைக் கடையில் வேலைக்கும் சேர்த்து, ஜீவிதாவைக் கட்டி வைத்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முன், பொங்கலுக்காக அந்த வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போனார் ஆண்டனிராஜ். போன அன்றே மருமகள் ஜீவிதா அவரைத் தன் அறைக்குள் கூட்டிப்போய், பீரோவுக்கு மேல் மூலையில் இருந்த செம்மண் கூட்டைக் காட்டினாள்.

"அண்ணே, எல்லாத்தையும் சுரண்டிக்கங்க. இதை மட்டும் தொட்டுறாதீங்க."

வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் அங்கே ஒரு பிள்ளை உண்டாகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சாமி வேறு வேறாக இருந்தாலும் குளவி விஷயத்தில் எல்லா வீடும் ஒரே மதம்தான். ஜீவிதாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஒன்றும் தங்கவில்லை. புரட்டாசியில் குளவி வந்தது, ஐப்பசியில் நாள் தள்ளிப்போனது. மாமியாரும் மருமகளும் அந்தக் கூட்டுக்குச் சூடம் காட்டாததுதான் பாக்கி.

"தொடலம்மா," என்றார் ஆண்டனிராஜ். சொன்னபடி மூன்று நாள் தொடவும் இல்லை.

நாலாம் நாள் போகிக்கு முதல் நாள். மறுநாள் காலை வத்தலக்குண்டில் வேறொரு வீட்டில் நிற்க வேண்டும். ஜீவிதா பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சுந்தரம்மாள் பூப்பறிக்கக் கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று, "அந்தோணி, ஒட்டடை, சிலந்தி ஒண்ணு விடாமச் சுரண்டிட்டு அடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் யாருக்கும் ஆண்டனி என்று வாயில் வராது, அந்தோணிதான். சுந்தரம்மாள் சொன்னது அடுப்படியை மட்டும்.

ஜீவிதா அறைக்கு இளம்பச்சை. இரண்டு முறை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னம் மாதிரி வழவழவென்று நின்றது சுவர். எட்ட நின்று பார்த்தார். அந்த மூலை மட்டும் கண்ணை உறுத்தியது. இவ்வளவு நன்றாக அமைந்த சுவரில் ஒரு செம்மண் கட்டி. இந்தக் காலத்திலும் இதையெல்லாம் நம்புகிறார்களே என்று ஒரு இளக்காரம் வேறு. இதில் பெரிய கூத்து, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆனந்தமேரி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது, தன் வீட்டு நிலைக்கதவில் கட்டிய கூட்டை யாரையும் தொடவிடாமல் காவல் காத்தவர் இவர்தான். அடுத்தவன் வீட்டு நம்பிக்கை என்றால் நமக்கு மூடநம்பிக்கை.

தகட்டை எடுத்தார். ஒரே தள்ளு. கூடு தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே நாலு அறை. ஒவ்வொன்றிலும் மரத்துப்போன சிலந்திகள், அவற்றை ஒட்டி வெள்ளையாக ஒரு புழு. அப்போதே மனசு சுருக்கென்றது. அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு அந்த இடத்தைப் பட்டி வைத்து மூடினார்.

மதியம் ஜீவிதா வந்தாள். அறைக்குள் போனவள் உடனே வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, கூடு எங்க?"

ஒரு நொடிதான். தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் தன் தலையோடு போகிற பொய். அவர் வாயில் வேறு வந்தது.

"அம்மாதான் ஒண்ணு விடாமச் சுரண்டச் சொன்னாங்க."

அவள் திரும்பி அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சுந்தரம்மாள் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் ஆண்டனிராஜ் ஏணியைக் கட்டிக்கொண்டு சாணார்பட்டி தாண்டிவிட்டார். வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொன்னார். அந்தம்மா வந்ததும் நான் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடும். பழி நம் மேல் வரும், வந்தால் வரட்டும். அதற்குள் நாம் வத்தலக்குண்டில் இருப்போம்.

வைகாசியில், அந்த ஊர்க் கண்ணுசாமியைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பார்த்தார். சுந்தரம்மாளுக்கு அடுத்த தோட்டத்துக்காரர். விசாரித்தபோது சொன்னார். பொங்கல் முடிந்து பத்தாம் நாள் ஜீவிதாவுக்குக் கரு கலைந்துவிட்டது. மாமியார் மருமகள் பேச்சு நின்றுவிட்டது. சித்திரையில் பிரபு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான்.

மூன்று வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுந்தரம்மாள் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. பிரபு மாதம் ஒரு முறை தனியாக வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். ஜீவிதா அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

ஆண்டனிராஜ் ஒவ்வொரு தவக்காலத்திலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "பொய் சொன்னேன் சாமி" என்பார். வருஷா வருஷம் அதே வாக்கியம். கூண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லுவார். இவர் ஒன்பது சொல்லுவார். என்ன பொய், யார் மேல் சொன்ன பொய் என்று மட்டும் சொல்ல மாட்டார். சாமியாரையே ஏமாற்றிப் பாவமன்னிப்பு வாங்கினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. தூக்கம் வராத நேரங்களில் வேறு மாதிரி யோசிப்பார். குளவிக் கூட்டுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். அப்படியென்றால் நாம் செய்தது ஒரு மண்கட்டியை உடைத்தது மட்டும்தானே. இந்த நினைப்பு வந்தால் செத்த நேரம் தூங்குவார்.

இந்த ஆவணியில் ஒரு புதன்கிழமை போன் வந்தது.

"அந்தோணிதானப்பா? நான் சுந்தரம்மா பேசுறேன்."

அவர் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. எட்டு வருஷத்துக்கு முன், எல்லாப் பெயிண்டரையும் போல, மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் தன் பேரையும் நம்பரையும் எழுதிவிட்டு வந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் பேசினார் சுந்தரம்மாள்.

"பின்பக்கத்து சன்ஷேடுல கடந்தை கூடு கட்டியிருக்குப்பா. வெள்ளிக்கிழமை பேத்திக்குக் குலசாமி கோயில்ல காது குத்துறாக. அப்படியே வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போகச் சொல்லிக் கேட்டிருக்கேன். வருவாளோ மாட்டாளோ. வந்த இடத்துல பிள்ளையைக் கொட்டிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மறுப்பதற்கு நல்ல காரணமே இருந்தது. கடந்தை அவர் கை வைக்கும் சமாச்சாரம் இல்லை. ஆனாலும் வண்டியை எடுத்தார்.

கூடு ஜீவிதா அறைச் சன்னலுக்கு நேர் மேலே இருந்தது. பானை இல்லை, குடம். பழுப்பு நிறத்தில் வரி வரியாக. வாசல் ஓட்டையில் நாலைந்து கடந்தைகள் காவல் நின்றன. அவர் பத்தடி தள்ளி நின்றே பார்த்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் எரிக்க முடியும், அதுவரை பின்பக்கம் யாரும் போக வேண்டாம் என்றார்கள். சன்னல்களைச் சாத்தினார். மாட்டை முன்பக்கம் மாற்றிக் கட்டினார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

சுந்தரம்மாள் இளைத்திருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு," என்றார். "அன்னைக்கு நான் ஒண்ணு விடாமச் சுரண்டுன்னு சொன்னப்ப, அந்த ரூமையும் சேத்தாப்பா சொன்னேன்?"

ஆண்டனிராஜ் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவ வந்து, நீங்களா சொன்னீகன்னு கேட்டா. நான் சொன்னது அடுப்படியன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா வாய்ல வந்தது ஒண்ணு விடாமன்னுதான. நீ சொன்னதைச் செஞ்ச. அதான் அவகிட்ட, ஆமாத்தா, நான்தான் சொல்லிட்டேன் போலன்னுட்டேன். நாலாம் மாசம் நடக்க வேண்டிய பூச்சூட்டலுக்கு வளையல் எடுத்து வச்சிருந்தேன். என் வாயாலயே கெடுத்துட்டேன்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழியை ஏற்றுக்கொண்டவர் பாவத்தையும் சேர்த்து எட்டு வருஷமாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். அந்தம்மா மறுத்துச் சொல்லியிருக்கும் என்று நினைத்து வண்டி ஓட்டிய ஆளுக்கு இப்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்மா, நீங்க சொன்னது அடுப்படியத்தான்."

சுந்தரம்மாள் ஏறிட்டுப் பார்த்தார்.

"அந்தக் கூட்டத் தொடாதீங்கன்னு அந்தப் பிள்ளை மொத நாளே எங்கிட்டச் சொல்லிருச்சு. நான்தான் சுவர் நல்லா இருக்கணும்னு எடுத்தேன். கேட்டப்ப பயந்துக்கிட்டு உங்க மேல போட்டுட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலம்மா."

சுந்தரம்மாள் அழுவார் என்று நினைத்தார், அல்லது, போகட்டும் விடப்பா என்பார் என்று. இரண்டும் நடக்கவில்லை. அவர் எழுந்து போய், ஆண்டனிராஜ் குடித்து மிச்சம் வைத்த காப்பியை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தார்.

"எட்டு வருஷம்டா," என்றார். அந்த வீட்டில் அவரை யாரும் டா போட்டது கிடையாது. "எம் பேத்திக்கு நடை வந்தது எனக்குத் தெரியாது. பேச்சு வந்தது தெரியாது. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்டச் சொல்லு. இப்பச் சொல்லு."

தன் போனில் ஜீவிதாவைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. "என் நம்பர்னா எடுக்க மாட்டா. உன் போன்ல போடு."

ஆண்டனிராஜ் போட்டார். இரண்டாம் மணியில் எடுத்தாள். யார் என்று சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், கூட்டை உடைத்ததில் தொடங்கி வத்தலக்குண்டு வரை. சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவருக்கே தோன்றியது. அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றாள். "கரு தங்காததுக்கும் குளவிக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. எனக்கும் அது தெரியும். நான் கூட்டுக்காக வீட்ட விட்டுப் போகல. அம்புட்டு ஆசையா ஒண்ணு வேணும்னு சொல்லியும், அத்தை எம் பேச்ச ஒரு பேச்சா மதிக்கலயேன்னுதான் போனேன்."

போனை வைத்துவிட்டாள்.

தூக்கம் வராத நேரங்களில் பிடித்துக்கொள்ள அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், குளவிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்பது. அதையும் அவள் பிடுங்கிவிட்டாள். உடைந்த கூடு ஒன்றும் செய்யவில்லை. வாயிலிருந்து வந்த ஒரு வரிதான் எல்லாம் செய்தது.

பொழுது சாய்ந்ததும் சிவப்பு வண்டி வந்தது. உடம்பு முழுக்க மூடிக்கொண்ட ஒருவர் நீளக் கம்பின் முனையில் பந்தத்தைக் கொளுத்தி, கூட்டின் வாசலில் நேராக வைத்தார். சரசரவென்று எரிந்தது. பிடித்த நெருப்பு அடங்க ஐந்து நிமிடம். காலையில் வெளியே தங்கிய ஒன்றிரண்டு திரும்பி வந்து சுற்றும், நாளைக்கு ஒரு நாள் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுந்தரம்மாள் அவர்களுக்கு மோர் கொடுத்தார். ஆண்டனிராஜுக்குக் கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்துரு," என்றார் சுந்தரம்மாள், ஆண்டனிராஜ் கிளம்பும்போது. "சோத்துக்கு இல்ல. போன்ல சொன்னத ஆளுக்கு முன்னாடி சொல்லணும்."

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆனந்தமேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் திட்டவில்லை. "இதுக்கா ஒம்போது அருள் நிறைந்த மரியே சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. சுந்தரம்மாள் பட்டுச் சேலையில் காலையிலிருந்து வாசலிலேயே நின்றார். கோயிலுக்குப் போயிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டனிராஜ் பின்பக்கம் போய் சன்ஷேடைப் பார்த்தார். கரி மட்டும் இருந்தது, கடந்தை ஒன்றும் இல்லை. சன்னல் வழியாக அந்த அறை தெரிந்தது. எட்டு வருஷமாக அங்கே யாரும் திரும்ப வண்ணம் அடிக்கவில்லை. பீரோவுக்கு மேல் மூலையில் அவர் அவசரமாக வைத்த பட்டி ஒரு கையளவுக்கு நிறம் மாறித் தனியாகத் தெரிந்தது.

கார் சத்தம் கேட்டு முன்பக்கம் வந்தார். பிரபு இறங்கினான். பிறகு கதவு கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு ஜீவிதா இறங்கினாள்.

அவள் நேராக வந்து மாமியார் முன் நின்றாள். சுந்தரம்மாள் அவள் கையைப் பிடித்தார், ஜீவிதா இழுத்துக்கொள்ளவில்லை. ஆண்டனிராஜ் கிட்டே போய், பிரபுவின் முன்னாலேயே, "நான்தான் தம்பி எடுத்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல" என்றார். பிரபு அவரை அடித்துவிடுவான் போல இருந்தது. ஜீவிதா அவனைப் பார்த்தாள், அவன் நகர்ந்துகொண்டான்.

"உங்கள மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலண்ணே," என்றாள் அவள். "வந்தா சொல்றேன்."

"சரிம்மா," என்றார். அது நியாயமாகவே பட்டது.

மொட்டைத் தலையில் சந்தனமும், காதில் புதுத் தோடும், அழுது வீங்கிய கண்ணுமாகக் குழந்தை காரிலிருந்து இறங்கி வந்தது. சுந்தரம்மாள் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். பிள்ளை வரவில்லை. ஜீவிதாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நீட்டிய கைகளையே பார்த்தது.

"இவங்க யாரும்மா?" என்று கேட்டது.

ஜீவிதா சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ஆண்டனிராஜ் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."

எட்டு வருஷத்துக்கு முன் அந்தம்மா மேல் அவ்வளவு சுளுவாகப் பழி போட்ட வாய் அது. சுந்தரம்மாளின் கைகள் நீட்டியபடியே இருந்தன. ஆண்டனிராஜ் குழந்தைக்குச் சமமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"உங்க அப்பத்தா, பாப்பா," என்றார்.